சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு: ஆற்று மீன்பிடி விதிகளும் பிடி வரம்பும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகும் சாலையில் நின்றால், மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் தூண்டில் கம்பைக் கட்டிக்கொண்டு சுங்கை பிளஸ் ஆற்றை நோக்கிப் போகும் நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கலாம். புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஓர் ஆள் எத்தனை மீன் எடுக்கலாம்? நாடு முழுமைக்கும் பொருந்தும் ஒரே எண் இதற்குக் கிடையாது. ஏன் கிடையாது என்பதைப் புரிந்துகொண்டால், எந்த ஆற்றுக்குப் போனாலும் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று ஒரு பட்டியல் உண்டு. ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும் அந்தப் பட்டியலில் ஒரே வரியில் சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன. கடலில் மீன் பிடிப்பது கூட்டரசின் பொறுப்பு. ஆறும் ஏரியும் மாநிலத்தின் பொறுப்பு. 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமும் உள்நாட்டு மீன்பிடிப்புக்கான விதிகளை மாநிலங்கள் வகுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆகவே பேராக்கில் ஒருவர் வழக்கமாகச் செய்வது பகாங்கில் குற்றமாகலாம், பகாங்கில் உரிமம் கேட்கும் ஒரு கருவி இன்னொரு மாநிலத்தில் கேள்வியின்றி அனுமதிக்கப்படலாம். பகாங்கின் ஜெராண்டுட்டிலிருக்கும் மச்சான் சொன்னார் என்பதை நம்பி இங்கே வலை வீசாதீர்கள்.

மாநில விதிக்கு மேல், நீங்கள் நிற்கும் நிலத்துக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடும் ஓடையும் அங்குள்ள குளமும் தோட்ட நிர்வாகத்தின் எல்லைக்குள் இருப்பதால், காவலரிடம் தலையாட்டிவிட்டு உள்ளே போவது அனுமதி ஆகாது. அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதே முறை. ஈயம் தோண்டிய பழைய ஈயக் குட்டைகள் யாருக்கும் சொந்தமில்லாதவைபோலத் தெரிந்தாலும், பலவற்றைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறார்கள். மேட்டு ஆறுகள் நிரந்தர வனக் காப்பகத்துக்குள் போனால் வனத்துறையின் நுழைவு அனுமதி வேண்டும். கிரிக் பக்கம் போய்ப் படகேறுகிறவர்களுக்கு ரோயல் பெலும் மாநிலப் பூங்காவின் அனுமதிச் சீட்டு வேண்டும். 2007ஆம் ஆண்டு அரசிதழில் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்கா 1,17,500 ஹெக்டேர் பரப்புடையது, அதன் எல்லை தண்ணீரில் கோடு போட்டுக் காட்டப்படுவதில்லை. அனுமதிச் சீட்டு உள்ள இடங்களில் எடை வரம்பு, எண்ணிக்கை வரம்பு, மூடிய பகுதி ஆகியவை இருந்தால் சீட்டோடு சேர்த்துச் சொல்வார்கள். பணம் கட்டியதும் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துவிடாமல், படகேறும் முன்னர் முழுவதையும் படித்துவிடுங்கள்.

லாசாவைத் தாண்டி மேலே போனால் பூர்வகுடி மக்களின் கிராமங்கள் வருகின்றன. நமக்கு ஓய்வு நாள் பொழுதுபோக்காக இருக்கும் மீன், அவர்களுக்கு அன்றாடச் சோறு. கிராமத் தலைவரைப் பார்த்து, எங்கே தூண்டில் போடலாம் என்று கேட்ட பிறகே ஆற்றில் இறங்க வேண்டும். எந்த மடுவை அவர்கள் மீனுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது வரைபடத்தில் இருக்காது.

மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கு, அதாவது நம்மவர் பெரிக்கானான் என்று சொல்லும் அலுவலகத்துக்கு, ஒருமுறை நேரில் போய்வருவது பத்துப் பேரிடம் விசாரிப்பதைவிட மேல். பொதுவாக ‘மீன் பிடிக்கலாமா’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆற்றின் பெயரையும், இறங்கப்போகும் இடத்தையும், கையில் இருக்கும் கருவியையும் சொல்லிக் கேளுங்கள். கைத்தூண்டிலுக்கும் வீச்சு வலைக்கும் ஒரே விதி என்று எண்ணிவிட வேண்டாம். வீச்சு வலை, செவுள் வலை, பல முள் கட்டிய நீண்ட கயிறு, மூங்கில் பொறி ஆகியவற்றில் எதை வைத்திருந்தாலும் ‘இனி பெர்லு லெசென்கா?’ (இதற்கு உரிமம் வேண்டுமா?) என்று தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். பிறகு, எந்த மீனை எடுக்கக் கூடாது, எந்தப் பகுதி மூடப்பட்டிருக்கிறது, அளவு வரம்பு உண்டா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை அன்றைய தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மாநில விதிகள் மாறக்கூடியவை என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி கேட்பது நல்லது.

எங்கேயும் எப்போதும் கூடாதவை மூன்று. வெடி, நஞ்சு, மின்சாரம் இவற்றைக் கொண்டு மீனைக் கொல்வதும் மயக்குவதும் மீன்வளச் சட்டப்படி குற்றம். அந்த நோக்கத்தோடு அவற்றைக் கையில் வைத்திருப்பதும் குற்றமே. துபா வேரை இடித்துக் கரைப்பது தாத்தா காலத்துப் பழக்கம்தானே என்று சிலர் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். அதே வேரைப் பூச்சிமருந்துக்காக இந்த நாட்டில் பயிரிட்டு ஏற்றுமதி செய்த காலம் ஒன்று இருந்தது. அதிலுள்ள ரோட்டினோன் என்ற நஞ்சு, மீனின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. பெரிய மீனை மட்டும் தேர்ந்து கொல்லும் நஞ்சு கிடையாது. கரண்ட் வைக்கிறவர்கள் போன மறுநாள் காலையில் ஒரு வளைவில் இறங்கிப் பார்த்தேன். அவர்கள் எடுத்துப்போனது ஒரு கூடை இருந்திருக்கலாம். கரையோரப் புல்லில் விரல் நீளக் குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய ஒதுங்கிக் கிடந்தன, எண்ணி முடியவில்லை. அந்த வளைவில் அதற்குப் பிறகு வெகு காலம் தக்கை அசையவே இல்லை. இப்படி நடப்பதைக் கண்டால் நேரில் போய்ச் சண்டை போட வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்து மீன்வளத் துறைக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள்.

அடுத்து, கையில் வந்த மீன் எது என்று அடையாளம் காணத் தெரிய வேண்டும். தெரியாத மீனை எடுக்காமலிருப்பது நான் கடைப்பிடிக்கும் முதல் விதி. பேராக் ஆற்றில் வாழும் தெமோலே, அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ள மீன். பொன்னிற உடலில் தலையிலிருந்து வால்வரை நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடும், செதில் தடித்துப் பெரியதாயிருக்கும். புக்கிட் மேரா ஏரிப் பக்கம் பெயர்பெற்ற கெலிசாவும் அதே பட்டியலில் உள்ளது. இவை இரண்டும் தூண்டிலில் வந்தால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றிவிட வேண்டும். கெலா மீனைப் பல இடங்களில் காப்பு மடு அமைத்துப் பாதுகாக்கிறார்கள். மெதுவாக வளரும் மீன் அது, ஒரு பெரிய கெலாவை எடுத்துவிட்டால் அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும். குட்டிக் கெலாவைத் தெங்காஸ் என்று தவறாக எண்ணிச் சட்டியில் போடுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் நான்கு மீசை. வாயைத் திருப்பிக் கீழுதட்டைப் பாருங்கள், நடுவில் நாக்குப்போல ஒரு சதைமடல் தொங்கினால் அது கெலா, இல்லாவிட்டால் தெங்காஸ். தெலுக் இந்தான் பக்கம் உடாங் காலா பிடிக்கப் போகிறவர்கள் இறாலின் அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். அங்கே ஆரஞ்சு நிறத்திலோ, பொரிக்கும் நாள் நெருங்கியதால் சாம்பல் நிறத்திலோ முட்டைத் திரள் இருந்தால் திரும்ப விட்டுவிடுங்கள். ஆற்று ஆமை முள்ளில் மாட்டினால் இழுக்காமல் கரைக்குக் கொண்டுவந்து முள்ளை எடுத்துவிட வேண்டும். துந்தோங் என்ற ஆற்றாமையைக் காப்பதற்கென்றே போத்தா கானானில் ஒரு நிலையம் இருக்கிறது என்றால், அது எவ்வளவு அருகிப்போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

தோமான் மீனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பெரும்பாலோர் தவறு செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். ஈயக் குட்டையின் அமைதியான நீரில், பொழுது ஏறும் நேரத்தில், வட்டத் தட்டு அளவுக்கு ஓர் இடம் மட்டும் மழைத்துளி விழுவதுபோலப் பொரியும். கூர்ந்து பார்த்தால் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு ஒன்றாகக் கீழே இறங்கும். அவற்றின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், தாயும் தந்தையும் காவல் இருக்கும். அந்தத் திரளின் நடுவே செயற்கை இரையை வீசினால் பெற்ற மீன் பசியால் அல்ல, பிள்ளையைக் காக்கும் வெறியால் பாய்ந்து கடிக்கும். பதினாறு வயதில் அப்படி ஒன்றைப் பிடித்து, கை நிறையத் தூக்கிக்கொண்டு கரையில் நின்றேன். உடன் வந்த மாமா மீனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். “தம்பி, அங்க பாருடா” என்றார். திரள் கலைந்து சிதறிக்கொண்டிருந்தது, சுற்றிலும் வேறு மீன்கள் பாய்ந்து குஞ்சுகளை விழுங்கும் சத்தம் ‘பொளக் பொளக்’ என்று கேட்டது. விராலும் இப்படியே குஞ்சு காக்கும் மீன். குஞ்சுத் திரளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போய்விடுங்கள். எந்தச் சீட்டில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் இதை விதியாகவே கொள்ள வேண்டும்.

முட்டைக் காலத்தையும் கவனிக்க வேண்டும். நம் வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கனத்து ஆறு பெருகும்போது கெண்டை வகை மீன்கள் பல முட்டையிட மேலேறும். லம்பாமின் வயிறு உப்பி, தொட்டால் மெத்தென்று இருந்து, பின்துளை சிவந்து தெரிந்தால் அது சினைமீன். அந்த வாரங்களில் ஓடைகள் ஆற்றில் கலக்கும் வாயில் வலை கட்டுவது, ஓராண்டு விளைச்சலை விதைநெல்லாகவே தின்பதற்குச் சமம்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். சீட்டிலோ விதியிலோ வரம்பு எழுதப்பட்டிருந்தால் அதுவே முடிவு. வரம்பு இல்லாத இடத்தில் என் கணக்கு வீட்டுச் சட்டியைக் கொண்டு போடுவது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக் குழம்புக்கு உள்ளங்கை அகலத்தில் நான்கைந்து லம்பாம், அல்லது நடுத்தர அளவில் ஒரு பாவோங் போதும். குளிர்ப்பெட்டியில் அடுக்குவதற்கும் அக்கம்பக்கத்தில் விற்பதற்கும் பிடிப்பது பொழுதுபோக்கு மீன்பிடிப்பு ஆகாது. அதற்கு வேறு விதிகள் பொருந்தலாம். செபராவ் மீனின் உடல் நடுவில் ஒரு கருப்புப் பட்டை குறுக்கே பளிச்சென்று தெரிந்தால் அது இன்னும் இளையது என்று கொண்டு விட்டுவிடுகிறேன். தூண்டில் கம்பின் அடிப்பகுதியில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வீதம் நகப்பூச்சால் போட்டுவைத்தால், மீனைப் பக்கத்தில் பிடித்த மாத்திரத்தில் அளவு தெரிந்துவிடும். மிகச் சிறியதை விடுவதுபோல மிகப் பெரியதையும் விடுவது நல்லது; அதிக முட்டை தருவது பெரிய தாய்மீன்தான்.

விடுவது என்றால் தூக்கி எறிவதல்ல. முள்ளின் முனையில் பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்நாக்கைக் குறட்டால் நசுக்கி வைத்துக்கொண்டால் கழற்றுவது ஒரு நொடி வேலை. உலர்ந்த கையால் தொட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பான படலம் உரிந்து, அந்த இடத்தில் நோய் பற்றும். ஆகவே கையை நனைத்துக்கொள்ளுங்கள். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல் தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, வாயோரத்தில் அறுத்துவிடுங்கள். களைத்த மீனைத் தலை நீரோட்டத்தை எதிர்க்கும்படி இரு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தால், செவுள் நிதானமாக அசையத் தொடங்கி, பிறகு அதுவே வாலை அடித்துக் கையை விட்டு நழுவும். அதற்கு முன்னர் விட்டுவிடாதீர்கள்.

திரும்ப விடக் கூடாத மீனும் உண்டு. உடல் முழுவதும் கவசம்போல் தகடு மூடிய இக்கான் பண்டாராயா, வீட்டுத் தொட்டியிலிருந்து ஆற்றுக்கு வந்த வெளிநாட்டு மீன். தொட்டியில் வளர்த்தது பெரிதாகிவிட்டது என்றோ, வேண்டுதலுக்காக என்றோ எந்த மீனையும் ஆற்றில் விடாதீர்கள்.

இரையைப் பற்றி ஒரு சொல். லம்பாமுக்கும் பாத்தினுக்கும் கெலாவுக்கும் பழுத்த செம்பனைப் பழத்தை விஞ்சிய இரை இல்லை என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழமும் தோட்டத்தின் சொத்துதான், அதைப் பொறுக்கியதற்காகத் திருட்டு வழக்கில் மாட்டியவர்கள் உண்டு. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேட்டால் பத்துப் பழத்துக்கு இல்லையென்று சொல்ல மாட்டார். பூச்சிமருந்து அடிக்கும் பம்பை ஓடையில் கழுவுகிறவர்களைக் கண்டால் அவர்களிடமும் அதே மண்டோர் வழியாகச் சொல்லுங்கள்.

தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே மழை கொட்டிவிட்டது, கெபாலா ஆயர் என்ற திடீர் வெள்ளம் வரப்போகிறது என்று பொருள். சாமான்களை விட்டுவிட்டு மேடேறுங்கள். பேராக் ஆற்றில் அணைக்குக் கீழே நிற்கிறவர்கள் சங்கொலி கேட்டதும் அதேபோலக் கரையேற வேண்டும். மற்ற நாட்களில் கிளம்பும்போது அறுந்த தங்கூசித் துண்டுகளை ஒரு பால் டின்னில் சுருட்டிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்; புல்லில் கிடக்கும் நரம்பு கொக்கின் காலிலும் மாட்டின் நாக்கிலும் சுற்றிக்கொள்ளும்.