சின்ன இ-சைக்கிள் பிராண்டு தொடங்குகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

புதிதாக இ-சைக்கிள் பிராண்டு தொடங்க நினைப்பவர் முதலில் உட்கார்ந்து வரைவது ஃபிரேமைத்தான். பேட்டரி கண்ணில் படாமல் உள்ளே ஒளிந்திருக்க வேண்டும், ஒரு வயர்கூட வெளியே தொங்கக் கூடாது, திரையும் விளக்கும் ஃபிரேமோடு ஒட்டிப் பிறந்ததுபோல இருக்க வேண்டும். ஆசை நியாயமானதுதான். ஆனால் முதல் பெரிய தவறு பெரும்பாலும் அந்தத் தாளிலேயே நடந்துவிடுகிறது. எல்லாப் பாகங்களையும் தனக்கென்றே, வேறு எங்கும் கிடைக்காதபடி செய்துகொள்வதைத்தான் சொல்கிறேன்.

நெதர்லாந்தில் 2009ல் தொடங்கிய வான்மூஃப் இந்த வழியில்தான் பெயர் வாங்கியது. அழகான வண்டி, அதில் பல பாகங்கள் அவர்களே வடிவமைத்தவை. 2021ல் 12.8 கோடி டாலர் முதலீடு திரட்டிய அந்த நிறுவனத்தை 2023 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் திவால் என்று அறிவித்தது. வண்டியைப் பெரும்பாலும் போன் செயலி வழியாகப் பூட்டித் திறப்பார்கள், அதற்கான டிஜிட்டல் சாவியோ நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. சர்வர் நின்றுவிட்டால் நன்றாக ஓடும் வண்டிகூட முடங்கிவிடுமே என்று வாங்கியவர்கள் தவித்தார்கள். பெல்ஜியத்தின் கௌபாய் என்ற போட்டி நிறுவனம்தான் அந்தச் சாவியை இறக்கி வைத்துக்கொள்ள ஒரு செயலியை வெளியிட்டு உதவியது. ஆகஸ்ட் கடைசியில் லவோய் என்ற இ-ஸ்கூட்டர் நிறுவனம் வாங்கியதால் பிராண்டு தப்பியது. அவ்வளவு பணம் இருந்த இடத்திலேயே இந்த நிலை. நாலு பேர் சேர்ந்து நடத்தும் பிராண்டில் எல்லாமே தனிப் பாகம் என்றால் என்ன ஆகும்?

அதனால் ஒவ்வொரு பாகத்தையும் முடிவு செய்யும்போது ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நாளைக்கு நாம் இல்லாமல் போனாலும் இந்த வண்டி ஓடுமா? பிரேக் பேடு, டயர் அளவு, செயின், பெடல் அச்சு, மோட்டார் கனெக்டர் எல்லாம் எந்த சைக்கிள் மெக்கானிக்குக்கும் கிடைக்கிற பொது வகையாக இருக்கட்டும். செயலி இருந்தால் நல்லது, ஆனால் செயலி இல்லாமலும் வண்டி கிளம்ப வேண்டும். உங்கள் தனித்தன்மையை ஃபிரேமின் வடிவம், உட்காரும் வாகு, நிறம், கேரியர், மிதிக்கும்போது மோட்டார் எவ்வளவு இதமாகக் கைகொடுக்கிறது என்பதில் காட்டுங்கள். அங்கே செய்வதற்கு நிறைய இருக்கிறது.

அடுத்தது பேட்டரி. இதில் நேரும் தவறு ஆளையே காவு வாங்கும் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொழிற்சாலைக்காரர் ஒரு சான்றிதழ் அனுப்புவார், "யுஎல் சான்று பெற்றது" என்பார். யுஎல் என்பது பாதுகாப்புத் தரம் வகுத்துச் சோதிக்கும் அமெரிக்க நிறுவனம். அதை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். அந்தத் தாள் எதற்கானது என்று படித்துப் பாருங்கள். பல நேரம் அது பேட்டரிக்குள் இருக்கும் தனி செல்லுக்கான சான்றாக இருக்கும். செல்களை அடுக்கி, வெல்டு செய்து, பிஎம்எஸ் பலகை (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை) பொருத்திய முழு பேட்டரிக்கு யுஎல் 2271. மோட்டார், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், சார்ஜர் எல்லாம் சேர்ந்த முழு மின் அமைப்புக்கு யுஎல் 2849. மூன்றும் வேறு வேறு. நியூயார்க் நகரில் 2023ல் மட்டும் லித்தியம் அயனி பேட்டரித் தீ விபத்துகளில் 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் அங்கே இந்தத் தரச் சான்று இல்லாத இ-சைக்கிளையும் பேட்டரியையும் விற்கக் கூடாது. இன்னொரு விஷயம்: சான்று வாங்கியபோது இருந்த செல்லுக்குப் பதிலாக அதே அளவில் வேறு கம்பெனி செல்லைப் போட்டால், அந்தச் சான்று உங்கள் பேட்டரிக்குப் பொருந்தாது. "அதே மாதிரிதான் சார், விலை குறைவு" என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

சார்ஜர் முனையையும் கவனியுங்கள். 36 வோல்ட் பேட்டரி முழுசாக ஏறினால் 42 வோல்ட். 48 வோல்ட் என்று விற்கும் பேட்டரிக்கான சார்ஜர் வழக்கமாக 54.6 வோல்ட் தரும். இரண்டுக்கும் ஒரே உருண்டை முனை இருந்தால், வீட்டில் இரண்டு வண்டி வைத்திருப்பவர் என்றைக்காவது மாற்றிச் செருகுவார். பிஎம்எஸ் தடுக்கும் என்று விட்டுவிடக் கூடாது. வோல்ட் மாறினால் முனையும் மாறட்டும். சில்லறைச் செலவுதான்.

பேட்டரியை அனுப்பும் சிக்கல் முதல் வாரண்டி அழைப்பு வரும்வரை பலருக்குத் தெரிவதில்லை. லித்தியம் பேட்டரி அபாயப் பொருள் வகையில் வருகிறது. லித்தியம் பேட்டரியை அனுப்புவதற்கென்று ஐ.நா. வகுத்த யுஎன் 38.3 சோதனையை முடித்த சான்று இல்லாமல் அனுப்ப முடியாது. 2016 ஏப்ரல் முதல் தனியாக அனுப்பும் லித்தியம் அயனி பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. பழுதாகி ஆபத்தான நிலைக்கு வந்த பேட்டரி என்றால் விமானப் பேச்சே கிடையாது. ஆக, தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒரு பேட்டரி மாற்றித் தருவதென்றால் அதற்கான வழி, ஆள், செலவு மூன்றையும் விற்பதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். முடியாத இடத்துக்கு விற்காமல் இருப்பதே மரியாதை.

விற்காமல் தேங்கும் ஸ்டாக்கும் இதே கதைதான். முழு சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தால் செல் சீக்கிரம் மூப்படையும். காலியாகக் கிடந்தால் பிஎம்எஸ் உறிஞ்சும் சிறு மின்சாரமே அதைச் சாகடிக்கும். பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

"ஒரே சார்ஜில் 100 கி.மீ." என்று போடும் முன் கணக்கைப் போடுங்கள். 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 504 வாட்-மணி. மிதித்துக்கொண்டே நிதானமாகப் போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி, அதாவது 50 கி.மீ. மேடு, எதிர்க்காற்று, மிதிக்காமல் ஓட்டும் பழக்கம் சேர்ந்தால் 15ஐத் தாண்டும், 33 கி.மீ. கூட வராது. எந்த எடையுள்ளவர், எந்தப் பாதையில், எந்த வேகத்தில் ஓட்டினார் என்று சேர்த்து எழுதுங்கள். குறைவாகச் சொல்லி அதிகம் கிடைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பாவில் மிதிக்கும்போது மட்டும் உதவும் மோட்டார், 250 வாட், 25 கி.மீ. வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும். இந்தியாவிலும் 250 வாட், 25 கி.மீ.தான் எல்லை, பேட்டரி நீங்கலாக 60 கிலோ எடைக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவின் மத்தியச் சட்டம் 750 வாட்டுக்குக் குறைவாக, மோட்டாரில் மட்டும் ஓடினால் மணிக்கு 32 கி.மீ.க்குள் என்கிறது. ரகசியமாக வேகத்தைத் திறந்துவிடும் அமைப்பை உள்ளே வைத்து, "தனியார் இடத்தில் மட்டும்" என்று எழுதிவைப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த வண்டி சாலையில் அடிபட்டால் பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனமாகத்தான் பார்க்கப்படும், மாட்டுவது வாங்கியவர். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கட்டுமானத்தில் இரண்டே விஷயம். சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார் சக்கரத்தைச் சுற்றும்போது அதே விசை அச்சை எதிர்ப்பக்கம் திருகப் பார்க்கும். அச்சு உட்காரும் இடம் மெல்லிய அலுமினியமாக இருந்து, அச்சு சுழலாமல் ஃபிரேமோடு பிடித்துவைக்கும் டார்க் ஆர்ம் என்ற உலோகத் துண்டும் இல்லையென்றால், நட்டு சற்றுத் தளர்ந்ததும் அச்சே சுழன்று மோட்டார் வயரை முறுக்கி அறுத்துவிடும். முன்சக்கர மோட்டாராக இருந்தால் சக்கரமே கழன்று வரலாம். அப்புறம் மழை. மேலிருந்து நேராக கன்ட்ரோலருக்குள் இறங்கும் வயரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரும் உள்ளே போகும். வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, கீழிருந்து மேலாக நுழைத்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வயரே தெரியக் கூடாது என்ற பிடிவாதத்தில் இந்த வளைவைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள்.

சாம்பிள் வண்டி நன்றாக இருக்கிறது என்று மொத்தத்துக்கும் ஆர்டர் போடுவது இன்னொரு பள்ளம். சாம்பிளைக் கைதேர்ந்தவர் நேரமெடுத்துப் பூட்டியிருப்பார். மொத்த உற்பத்தி வேறு மாதிரி. ஒப்புக்கொண்ட சாம்பிளில் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு, கப்பலில் ஏற்றும் முன், மீதிப் பணம் கட்டும் முன், உங்கள் ஆள் பெட்டியைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பணம் போன பிறகு பேச்சுக்கு எடை கிடையாது.

மாடல் ஆசையும் வேண்டாம். 3 மாடல், 3 அளவு, 4 நிறம் என்றால் 36 வகை ஸ்டாக். கேட்கிற வகை இருக்காது, கேட்காதது குவிந்து கிடக்கும். ஒரு மாடல், இரண்டு அளவு, இரண்டு நிறம் போதும். முன்பதிவுப் பணத்தையும் தனிக் கணக்கில் வையுங்கள். புதிதாகப் பதிவு செய்தவர் பணத்தில் பழைய ஆர்டரை முடிக்க ஆரம்பித்தால், விற்பனை ஒரு மாதம் தளர்ந்தாலே எல்லாம் நின்றுவிடும்.

முதல் ஆர்டரிலேயே உதிரிபாகங்களையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்: கன்ட்ரோலர், திரை, சார்ஜர், பிரேக் லீவர், மோட்டாரோடு கட்டிய பின்சக்கரம், கியர் தொங்கும் ஹேங்கர். அடுத்த தொகுதி வரும்போது தொழிற்சாலை அதே கன்ட்ரோலரை நிறுத்திவிட்டிருக்கலாம். எந்த ஃபிரேம் எண்ணில் எந்த பேட்டரி எண் போனது, யார் வாங்கினார் என்று முதல் வண்டியிலிருந்தே ஒரு பதிவேடு வேண்டும். ஒரு தொகுதி செல்லில் கோளாறு என்று தெரியவந்தால், எந்தெந்த வீட்டுக்கு உடனே போன் செய்து "சார்ஜ் போடாதீர்கள், வெளியே எடுத்து வையுங்கள்" என்று சொல்ல வேண்டும் என்பது அந்தப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும்.