ராணி இல்லாத பெட்டியிலும் முட்டை இருக்கும்: பொந்துத் தேனீ வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டியைத் திறந்து, வதை (தேனடை) கட்டியிருக்கும் மரச் சட்டத்தைத் தூக்குகிறோம், அறைகளில் முட்டை தெரிகிறது. "ராணி இருக்கு, பயமில்லை" என்று மூடியைப் போட்டுவிடுகிறோம். மூன்று கிழமை கழித்துத் திறந்தால் வேலைக்காரத் தேனீக்கள் பாதியாகக் குறைந்திருக்கும், கறுத்த ஆண் தேனீக்கள் மட்டும் திரியும். திருகோணமலையில் வளவில் பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தத் தவறைத்தான். முட்டை இருப்பதைப் பார்த்தால் போதாது. அது யார் இட்ட முட்டை என்று பார்க்க வேண்டும்.

வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அறையின் அடிவரை விழும்படி சட்டத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். ராணி இட்டிருந்தால் ஓர் அறைக்கு ஒரு முட்டை, அடியின் நடுவில் ஒட்டி நிற்கும். பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஏறக்குறைய ஒரே வயதுக் குஞ்சுகள் இருக்கும். வேலைக்காரத் தேனீக்கு வயிறு குட்டை, அடிவரை எட்டாது. அதனால் முட்டை அறையின் சுவரில் சரிந்து ஒட்டியிருக்கும். ஓர் அறையில் இரண்டு, மூன்று, ஐந்து என்றும் கிடக்கும். சில நாள் போனால் சின்ன அறைகளின் மேல் மூடி குமிழ் குமிழாகப் புடைத்து நிற்கும். கருவுறாத முட்டையிலிருந்து வரும் ஆண் குஞ்சு அந்த இடத்துக்குள் அடங்காததுதான் காரணம். புதிதாக முட்டையிடத் தொடங்கிய இளம் ராணியும் சில நாட்களுக்கு ஓர் அறையில் இரண்டு முட்டை இடுவதுண்டு. ஆனால் அவை அடியில்தான் இருக்கும். அதைக் கண்டு பதறி ராணியைக் கொன்றுவிட வேண்டாம்.

ராணி இருக்கும்போது யாராவது ஒரு வேலைக்காரி முட்டையிட்டாலும் மற்றவர்கள் அதைக் கண்டுபிடித்துத் தின்றுவிடுவார்கள். ஆய்வாளர்கள் இதை வேலைக்காரர் காவல் என்கிறார்கள். ராணி போனதும் இந்தக் காவல் தளர்கிறது. நம் பெட்டிகளில் இருக்கும் பொந்துத் தேனீயின், அதாவது ஏபிஸ் செரானாவின், வேலைக்காரிகளுக்கு ஐரோப்பியத் தேனீயைவிட மிக விரைவாகச் சூலகம் (முட்டை உண்டாகும் உறுப்பு) முதிர்ந்துவிடும். ஐரோப்பியத் தேனீயைப் பற்றிய நூல்களும் காணொளிகளும் மூன்று நான்கு கிழமை அவகாசம் தருகின்றன. அதை நம்பி நாம் காத்திருந்தால் பெட்டி போய்விடும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ராணியற்ற கூட்டுக்கு வேறு கூட்டுத் தேனீக்கள் வந்து முட்டையிடுவதும் சமூக ஒட்டுண்ணித்தனத்தில் ஒரு வகை. தாய்லாந்தில் கொம்புத் தேனீயை, அதாவது ஏபிஸ் ஃப்ளோரியாவை, வைத்துச் செய்து 2005இல் வெளியான ஆய்வில் இது தெளிவானது. ராணியை எடுத்த கூடுகளில் அந்நியத் தேனீக்கள் கூடின. அந்தக் கூட்டில் பிறந்தவற்றைவிட, வந்தவற்றில்தான் சூலகம் முதிர்ந்தவை அதிகம். பொந்துத் தேனீயிலும் இதே கேள்வியைக் கேட்டு 2007இல் ஆய்வு வந்தது. ஆகவே பெட்டிகளை ஒரே வரிசையில், ஒரே நிறத்தில், ஒரே திசை பார்த்து நெருக்கி அடுக்குவது பெரிய தவறு. இரண்டு மூன்று மீற்றராவது இடைவெளி விட்டு, வாசல்களை வேறு வேறு பக்கம் திருப்பி வையுங்கள். அடையாளத்துக்கு நீலம், மஞ்சள், வெள்ளை பூசலாம். சிவப்பு தேனீக்கு ஒரு நிறமாகவே தெரியாது.

முட்டையிடும் வேலைக்காரிகள் உள்ள பெட்டியை நல்ல ராணியுள்ள பெட்டியோடு நேரே சேர்த்துவிட்டால் அந்த ராணி கொல்லப்படலாம். விலை கொடுத்து வாங்கிய ராணியைக் கூண்டோடு உள்ளே விடுவதும் பெரும்பாலும் அப்படித்தான் முடியும். அந்த வேலைக்காரிகளின் சூலகத்தை அடக்குவது ராணியின் வாசனை மட்டுமல்ல, திறந்த அறையிலுள்ள குஞ்சுகளின் வாசனையும்தான். எனவே பலமான இன்னொரு பெட்டியிலிருந்து முட்டையும் மிக இளம் குஞ்சும் உள்ள ஒரு வதையை எடுத்து, தேனீக்களை உதறிவிட்டு உள்ளே வையுங்கள். இரண்டு மூன்று நாளில் ராணி அறை கட்டத் தொடங்கினால் நல்லது. கட்டாவிட்டால் கிழமைக்கு ஒன்றாக இன்னும் இரண்டு முறை கொடுங்கள். அப்படியும் கட்டாமல், தேனீ இரண்டு வதையை மூடும் அளவுக்குக் கூட இல்லை என்றால் விட்டுவிடுவதே சரி. அதைக் காப்பாற்றப் போய் நல்ல பெட்டிகளின் வதைகளை வீணாக்க வேண்டாம்.

சமூக ஒட்டுண்ணி என்று தேடினால் தென்னாபிரிக்காவின் கேப் தேனீதான் முதலில் வரும். 1990இல் அந்தத் தேனீப் பெட்டிகளை வடக்கே கொண்டுபோனார்கள். அங்கே ஒரேயொரு வேலைக்காரியின் வழிவந்த நகல்கள் ஏராளமான கூடுகளை அழித்தன. ஆண் சேராமலே பெண்ணைப் பெறும் திறன் அந்த இனத்துக்கு உண்டு. நம் பொந்துத் தேனீயின் வேலைக்காரி இடும் முட்டையில் ஆண்தான் வரும். அதனால் அந்தப் பயம் இங்கே வேண்டாம். இதை வாசித்துவிட்டு, பெட்டியில் நிறம் கறுத்த தேனீக்களை எல்லாம் அந்நியர் என்று நசுக்கவும் கூடாது. ஒரு ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறாள். ஒரே தாயின் பிள்ளைகள் தகப்பனுக்குத் தகப்பன் வேறு நிறமாக இருப்பார்கள். அந்நியர் யார் என்பதை மரபணுச் சோதனைதான் சொல்லும், கண் சொல்லாது.

நல்ல அறிகுறியை நோய் என்று எண்ணுவதும் நடக்கிறது. மூடிய ஆண் அறைகளை அருகில் பாருங்கள். கூம்பாக உயர்ந்த மூடியின் நடுவில் ஊசியால் குத்தியது போல ஒரு துளை இருக்கும். பொந்துத் தேனீயின் ஆண் அறை இயல்பாகவே அப்படித்தான். பூச்சி துளைத்தது என்று அதைக் கீறி எடுப்பவர்கள் ஒரு நல்ல பாதுகாப்பையே கெடுக்கிறார்கள். தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணியின் பழைய இருப்பிடம் நம் பொந்துத் தேனீதான். இங்கே அது ஆண் அறையில் மட்டுமே பெருகுகிறது. பல உண்ணிகள் ஏறிய ஆண் குஞ்சு வலுவிழந்து தடித்த மூடியைத் திறக்க முடியாமல் செத்துப்போகும், உண்ணிகளும் உள்ளேயே அடைபட்டுச் சாகும். கீறினால் அவை வெளியே வந்துவிடும். வெளிநாட்டு உண்ணி மருந்துப் பட்டிகளும் இந்தப் பெட்டிக்குத் தேவையில்லை. மருந்து நெடிக்குக் கூட்டமே பெட்டியை விட்டு ஓடிவிடலாம், எச்சம் மெழுகிலும் தேனிலும் தங்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது பைக்குஞ்சு நோய்க்குத்தான். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பொந்துத் தேனீப் பெட்டிகளைப் பெருமளவில் காலி செய்தது இதுவே. குஞ்சு அறையில் நீட்டி நிமிர்ந்து, தலைப்பக்கம் கறுத்துத் தூக்கியபடி தோணி போலக் கிடக்கும். தென்னோலை ஈர்க்கால் மெதுவாகத் தூக்கினால் நீர் நிறைந்த பையாக முழுதாக வரும். இது வைரஸ். இதற்கு நுண்ணுயிர்கொல்லி மாத்திரையைச் சீனிப்பாகில் கரைத்து வைப்பதால் தேன் கெடுமே தவிர நோய் போகாது. ராணியை இரண்டு கிழமை கூண்டில் அடைத்துக் குஞ்சு வளர்ப்பை நிறுத்துங்கள். மோசமான வதைகளை எரியுங்கள். தேனீ மூடி நிற்கும் அளவுக்கு மட்டும் வதையை விட்டு வையுங்கள். முடிந்தால் நோயில்லாத கூட்டிலிருந்து புது ராணி வளர்க்கவும். அந்தப் பெட்டியின் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றவே வேண்டாம்.

மெழுகுப்பூச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். அது பெட்டியைக் கொன்றது என்பார்கள். பெரும்பாலும் பெட்டி நலிந்த பின்புதான் அது வரும். தேனீ மூடாத வதையை எடுத்துவிட்டு, கிழமைக்கொரு முறை அடிப்பலகையைச் சுரண்டினால் போதும்.

ஒரு கூட்டை இரண்டாகப் பிரித்துப் புது ராணிக்குக் காத்திருப்பவர்கள் ஆவலில் பின்னேரம் நாலு, நாலரைக்குப் பெட்டியைத் திறக்கிறார்கள். இலங்கையில் செய்து 1976இல் வெளியான ஆய்வொன்று மூன்று இனங்களின் ஆண் தேனீக்கள் பறக்கும் நேரத்தைப் பதிந்தது. கொம்புத் தேனீ நண்பகலை ஒட்டி, பெருந்தேனீ மாலை மங்கும் நேரத்தில், பொந்துத் தேனீ சுமார் நாலேகாலிலிருந்து ஐந்தேகால் வரை. கன்னி ராணி ஆணோடு சேரப் புறப்பட்டுத் திரும்புவதும் அந்த நேரத்தில்தான். அப்போது மூடி திறந்து, புகை அடித்து, வாசலில் ஆள் நின்றால் அவள் வழி தவறுவாள். ராணி பொரித்து வெளியே வந்தபின் இரண்டு கிழமை தொடாதீர்கள், கட்டாயம் என்றால் காலையில் பாருங்கள். இதே காரணத்துக்காக மாரியில், கார்த்திகை மார்கழியில், கூடு பிரிக்க வேண்டாம். பின்னேர மழை தொடர்ந்தால் ராணி சேராமலே போவாள், பெட்டி மறுபடியும் சுவரில் ஒட்டிய முட்டைக்குத் திரும்பும்.

கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் தேனீக்கள் கூட்டம் கூட்டமாகப் பெட்டியை விட்டு ஓடிவிடுவதுதான் நம் மாவட்டத்தின் பெரிய இழப்பு. குஞ்சறையைத் தேனீக்கள் 33 முதல் 36 பாகை வரை வைத்திருக்க வேண்டும். நிலாவெளி, குச்சவெளி மணலில் வெயிலில் நிற்கும் பெட்டிக்கு அந்தக் குளிர்ச்சியை உண்டாக்கத் தண்ணீர் சுமந்தே பலம் போய்விடும். வாசலில் மகரந்தக் காலோடு வருபவை குறைந்து, முட்டையும் நின்று, தேன் மட்டும் உருகிக்கொண்டே போனால் புறப்படப் போகிறது என்று அர்த்தம். ராணி போகாதபடி வாசலில் தடுப்பு வைத்துவிட்டுச் சும்மா இருப்பது தவறு. கூட்டம் உள்ளே பட்டினியால் சாகும். வேம்பு, புளி நிழலுக்கு மாற்றி, கிடுகு போட்டு, சிறு கல் பரப்பிய தட்டில் தண்ணீர் வையுங்கள். ஒரு கிலோ சீனிக்கு ஒரு லீற்றர் நீர் என்று பாகு செய்து, பொழுதுபட்ட பின் 200 மில்லி, பெட்டிக்குள் மட்டும் கொடுங்கள். பகலில் வெளியே சிரட்டையில் வைத்தால் பக்கத்துக் கூடுகள் கொள்ளைக்கு வரும். பனங்கட்டியும் வெல்லமும் தேனீக்கு வயிற்றைப் போக்கும். கடையில் வாங்கிய தேனில் நோய்க் கிருமி இருக்கலாம்.

தம்பலகாமம், கந்தளாய் வயல் ஓரத்தில் பெட்டி வைப்பவர்கள், நெல் பூக்கும் காலத்தில் மருந்து அடிப்பதைப் பின்னேரத்துக்கு மாற்றும்படி வயற்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நெற்பூ விரிவது காலையில், தேனீ மகரந்தம் எடுப்பதும் அப்போதுதான். வாசலில் நாக்கை நீட்டியபடி செத்துக் கிடப்பவை நஞ்சின் அடையாளம்.

நோயை உறுதிப்படுத்த மாதிரி எடுக்கும் மாணவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உண்ணி எண்ணுவதற்கும் மரபணுச் சோதனைக்கும் மதுசாரத்தில் போட்ட தேனீ போதும். வைரஸுக்கு அது உதவாது. நம் வெயிலில் வைரஸின் ஆர்என்ஏ (அதன் மரபுப்பொருள்) விரைவில் சிதையத் தொடங்கும். பிடித்தவுடன் உறைநிலைக்குக் கொண்டுபோக வழி செய்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். ஐரோப்பியத் தேனீக்குச் சொல்லும் 300 தேனீ மாதிரி, சில ஆயிரம் மட்டுமே உள்ள நம் கூட்டுக்குப் பெரிய வெட்டு. உண்ணியைப் பார்க்க ஆண் அறைகளைத் திறந்து எண்ணினால் போதும். திறந்த அறைகளை அந்தப் பெட்டியில் திரும்ப வைக்காமல், வெட்டி எடுத்துப் போய்விடுங்கள்.