உங்கள் பூனைக்கு எவ்வளவு புத்தி?

பூனை பார்த்துக்கொண்டிருக்கும்போதே தின்பண்டத்தைக் கிண்ணத்தால் மூடுங்கள். நேராக வந்து கிண்ணத்தைத் தட்டினால், கண்ணுக்கு மறைந்த பொருள் அங்கேதான் இருக்கிறது என்பது அதற்குத் தெரிகிறது. எங்கள் மீனு முதலில் மூக்கால் முட்டும், பிறகு விளிம்பில் நகத்தை விட்டுப் புரட்டும். முடியாவிட்டால் என் முகத்தையே பார்க்கும். ஆள் வைத்து வேலை வாங்குவதையும் நான் புத்தியில்தான் சேர்ப்பேன். வாசனை பிடித்துத்தான் வருகிறதோ என்று சந்தேகமிருந்தால் பொம்மையை ஒளித்துப் பாருங்கள்.

அடுத்தது பெயர். ஒரே தொனியில் நான்கு சொற்களைச் சொல்லிவிட்டு ஐந்தாவதாக அதன் பெயரைச் சொல்லுங்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இப்படித்தான் நடந்தது. காது திரும்பினாலே போதும், எழுந்து வருமென்று காத்திருக்காதீர்கள்.

கைப்பிடியில் தொங்கிக் கதவைத் திறக்கும் பூனைக்குச் சோதனையே வேண்டாம். தாழ்ப்பாள் போடுங்கள்.