கணினியில் ஆங்கிலம் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில வகுப்பைக் கணினி அறைக்குக் கொண்டுபோகும் ஆசிரியர்கள் பலர் முதலில் செயலியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம்தான் அதை வைத்து என்ன நடத்தலாம் என்று யோசிக்கிறார்கள். இன்று மாணவர்கள் பேச வேண்டுமா, ஒரு பத்தி எழுத வேண்டுமா, கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சில நாள் கணினியே தேவையில்லை என்றுகூடத் தெரியவரும். அப்படியானால் அன்று வகுப்பறையிலேயே நடத்துவது நல்லது.

அதிகம் நடக்கும் தவறு, “சுற்றுச்சூழல் பற்றி இணையத்தில் தேடி எழுதி வாருங்கள்” என்று பொதுவாகச் சொல்லிவிடுவது. மாணவர் முதலில் வந்த பக்கத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்ட வேலையே அவ்வளவுதான். 1995-இல் அமெரிக்கப் பேராசிரியர் பெர்னி டாட்ஜ் வகுத்த ‘வெப்குவெஸ்ட்’ முறை இதற்கு நல்ல மாற்று. படிக்க வேண்டிய பக்கங்களை ஆசிரியரே தேர்ந்து தருகிறார். மாணவர்கள் அவற்றைப் படித்து ஒரு முடிவெடுக்கிறார்கள். ‘பள்ளியில் பிளாஸ்டிக்கைக் குறைக்க இந்த மூன்று வழிகளில் எது நடைமுறைக்கு ஒத்துவரும், ஏன்?’ என்று கேட்டால் நகலெடுக்க விடை எங்கும் இருக்காது. கடினமான பக்கங்களுக்குப் பதிலாக எளிய ஆங்கிலத்தில் எழுதப்படும் ‘சிம்பிள் இங்கிலீஷ் விக்கிப்பீடியா’வைத் தரலாம்.

வீடியோவைத் தாய்மொழி சப்டைட்டிலோடு தொடங்காதீர்கள். கண் படிக்கும், காது வேலை செய்யாது. முதல்முறை எழுத்தில்லாமல் ஓடட்டும், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டாம்முறை ஆங்கில எழுத்தோடு பார்க்கலாம். வேகம் அதிகமென்றால் யூடியூபில் 0.75-க்குக் குறைக்கலாம். பிபிசியின் ‘6 மினிட் இங்கிலீஷ்’ போன்ற ஒலிப்பாடங்களுக்கு எழுத்து வடிவமும் கிடைக்கிறது. அதைக் கேட்டு முடித்த பிறகே கையில் கொடுங்கள்.

கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சிகளில் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், ஏன் அந்த விடை என்று வாயால் சொல்ல வையுங்கள்.

மொழிபெயர்ப்புக் கருவியையும் செயற்கை நுண்ணறிவையும் தடை செய்வதோடு நிறுத்திக்கொள்வதும் தவறுதான். மாணவர்கள் வீட்டில் பயன்படுத்தத்தான் போகிறார்கள். முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுதட்டும். பிறகு கருவி சொல்லும் திருத்தங்களில் எதை ஏற்றேன், எதை மறுத்தேன், ஏன் என்று எழுதட்டும். எழுத்துப்பிழை திருத்தும் கருவி, ஒரே ஒலியுள்ள இரு சொற்களில் தவறானதைப் போட்டால் பல சமயம் கண்டுகொள்ளாது. அதைப் பிடிக்கும் மாணவர் உண்மையிலேயே மொழி கற்கிறார். கூகுள் டாக்ஸில் எழுதினால், கட்டுரை எப்படி வளர்ந்தது என்பதை அதன் பதிப்பு வரலாற்றில் பார்க்கலாம்.

ஒரு கணினிக்கு இருவர் என்றால் மவுஸ் எப்போதும் ஒருவரிடமே தங்கிவிடும். ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல மற்றவர் தட்டச்சு செய்யட்டும், பாதியில் மாறிக்கொள்ளட்டும். குரலை எழுத்தாக்கும் வசதி உச்சரிப்புப் பயிற்சிக்கு உதவும், ஆனால் அதை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். நன்றாகப் பேசும் மாணவரின் பேச்சையும் அது தவறாக எழுதுவதுண்டு.

இணையம் நின்றுபோகும் நாளுக்காக, அன்றைய பக்கங்களையும் ஒலிக்கோப்புகளையும் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.