ஃப்ளோட்டிங் ட்ரெமலோ ப்ரிட்ஜை பிளாக் பண்றது எப்படி (புது ப்ரிட்ஜ் வாங்குறதுக்கு முன்னாடி படிங்க)

ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி ஃப்ளோட்டிங் ப்ரிட்ஜ் (ஸ்ட்ரிங்கைத் தாங்குற, முன்னும் பின்னும் அசையுற பாகம்) இருக்குற கிட்டார் வச்சிருக்கவங்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். டிராப் டி வாசிக்கலாம்னு ஆறாவது ஸ்ட்ரிங்கை மட்டும் ஈ-லேருந்து டி-க்கு இறக்குனா மத்த அஞ்சும் ஷார்ப் ஆயிடும் (சுருதி ஏறிடும்), அதுகளை சரி பண்ணா ஆறாவது திரும்ப எங்கயோ போயிடும், மேடையில ஒரு ஸ்ட்ரிங் அறுந்துச்சுன்னா அந்தப் பாட்டு முடியுற வரைக்கும் மொத்த கிட்டாரும் ட்யூன்ல இருக்காது. காரணம் ரொம்ப சிம்பிள், முன்னாடி ஸ்ட்ரிங் இழுக்குது, பின்னாடி ஸ்பிரிங் இழுக்குது, கயிறு இழுக்குற போட்டியில ரெண்டு பக்கமும் சமமா நிக்கிற மாதிரி ப்ரிட்ஜ் நடுவுல நிக்குது, ஒரு பக்கம் கொஞ்சம் விட்டாலும் எல்லாமே நகரும்.

இதுக்காக ப்ரிட்ஜையே மாத்தணும்னு பலர் கிளம்புறாங்க. என் கருத்து, முக்கால்வாசி பேருக்கு அது தேவையே இல்ல, ப்ரிட்ஜ் அசையாம பிளாக் பண்ண, அதாவது அடைக்க, ஒரு சின்ன மரத்துண்டு போதும்.

முதல்ல எந்தப் பக்கம் அடைக்கணும்னு புரிஞ்சுக்கணும், இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. கிட்டாரைத் திருப்பி பின் மூடியைக் கழட்டுனா ஸ்பிரிங்கும், அதைப் பிடிச்சிருக்குற கனமான உலோக பிளாக்கும் தெரியும். ப்ரிட்ஜ்ல மாட்டியிருக்குற பாரை (ட்ரெமலோ கம்பி) அமுக்குனா, அதாவது டைவ் பண்ணி சுருதியை இறக்குனா, அந்த பிளாக் ஸ்ட்ராப் பட்டன் பக்கம் போகும், பாரை மேல இழுத்தா நெக் பக்கம் வரும். அதனால நெக் பக்கம் மரம் வச்சா மேல இழுக்குறது மட்டும் நிக்கும், டைவ் அப்படியே கிடைக்கும். பட்டன் பக்கம் வச்சா டைவ் நிக்கும். ரெண்டு பக்கமும் வச்சா அசையவே அசையாது, ஹார்ட்டெயில் (அசையாத ப்ரிட்ஜ்) மாதிரிதான்.

நான் சிபாரிசு பண்றது டைவ் மட்டும் இருக்குற செட்டப். ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் பயன்படுத்துன டி-ட்யூனா, அதாவது ஆறாவது ஸ்ட்ரிங்கை சட்டுனு ஈ-லேருந்து டி-க்கு இறக்குற அந்தச் சின்ன கருவி, இந்த மாதிரி மேல இழுபடாத ப்ரிட்ஜ்லதான் ஒழுங்கா வேலை செய்யும். பாரே தொடமாட்டேன்னா முழுசா அடைச்சிடுங்க, எரிக் கிளாப்டன் தன்னோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்ல ட்ரெமலோவை மரக்கட்டை வச்சு அடைச்சுதான் வாசிச்சாரு.

இப்ப வேலைக்கு வருவோம். ப்ரிட்ஜ் பாடிக்கு இணையா, சரியான ட்யூன்ல நிக்கும்போதே பிளாக்குக்கும் குழிச் சுவருக்கும் நடுவுல உள்ள இடைவெளியை அளந்துடுங்க, ஸ்ட்ரிங்கைத் தளர்த்துன பிறகு அளந்தா தப்பான அளவுதான் வரும். காலிப்பர் இல்லன்னா பழைய விசிட்டிங் கார்டை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி உள்ள நுழைச்சுப் பாத்து அந்த அடுக்கை அளந்துக்கலாம். மரம் கெட்டியா இருக்கணும், தேக்கு, ஈட்டி, மேப்பிள் எது கிடைச்சாலும் சரி, தச்சர்கிட்ட கேட்டா வெட்டி மிச்சமான துண்டு கிடைக்கும். பிளைவுட், ரப்பர் வேண்டாம், அமுங்கும். கொஞ்சம் தடிமனா வெட்டிட்டு உப்புத்தாள்ல தேய்ச்சுத் தேய்ச்சு இறக்குங்க, பிளாக் முகத்துல முழுசா ஒட்டி உக்காரணும், ஒரு முனை மட்டும் தொட்டா ட்யூனிங் நிலையா நிக்காது.

வைக்கிறதுக்கு முன்னாடி நெக் முனையில ஸ்ட்ரிங்கைப் பிடிச்சிருக்குற நட் லாக்கைக் கழட்டி (பெரும்பாலும் 3 மி.மீ. ஆலன் கீ) ஸ்ட்ரிங்கைத் தளர்த்துங்க, ஆனா ப்ரிட்ஜோட பின் பக்கத்துக்கு அடியில மடிச்ச துணியோ பழைய 9 வோல்ட் பேட்டரியோ கொடுத்துடுங்க, இல்லன்னா ஸ்பிரிங் இழுத்து ப்ரிட்ஜ்ல இருக்குற ஃபைன் ட்யூனர் (சின்ன ட்யூனிங் திருகு) பாடியில இடிச்சு பெயிண்ட் போகும். நடு ஸ்பிரிங்கைக் கழட்டுனா கை போக இடம் கிடைக்கும். மரத்தை டபுள் சைடு டேப்ல ஒட்டுனா போதும், பசை போட்டு ஒட்டாதீங்க, நாளைக்கு மனசு மாறும். கழட்டுன ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டிட்டு, அடியில கொடுத்ததை எடுத்துட்டு ட்யூன் பண்ணுங்க.

அடுத்து ஸ்பிரிங் மாட்டியிருக்குற கிளாவோட (கொக்கித் தகடு) ரெண்டு ஸ்க்ரூவையும் கால் திருப்பு, கால் திருப்பா இறுக்குங்க, பிளாக் மரத்துல நல்லா அழுந்தணும். போதுமான்னு பாக்க ஒரு சோதனை: ஆறாவது ஸ்ட்ரிங்கை ஒலிக்க விட்டுட்டு மூணாவது ஸ்ட்ரிங்கை விரலால தள்ளி முழு பெண்ட் பண்ணுங்க, ஆறாவது ஃப்ளாட் ஆச்சுன்னா (சுருதி இறங்குனா) இன்னும் கால் திருப்பு, அசையாம நின்னா முடிஞ்சது. 10-46 ஸ்ட்ரிங் செட்லேருந்து தடிமனான 11-க்குப் போனா திரும்ப இறுக்கணும். கிளாவுல ஒரு வயர் சால்டர் பண்ணியிருக்கும், அதை இழுத்துடாதீங்க, அதுதான் கிரவுண்ட்.

முழுசா அடைக்கிறவங்க சிலர் இனிமே எதுக்குன்னு எல்லா ஸ்பிரிங்கையும் எடுத்துடுறாங்க, அப்புறம் ஆம்ப்ல ‘ம்ம்ம்’னு இரைச்சல் வருதுன்னு கேக்குறாங்க. கிரவுண்ட் ஸ்பிரிங் வழியாதான் ஸ்ட்ரிங்குக்குப் போகுது, ஒண்ணு ரெண்டாவது விட்டு வைங்க.

மரவேலையே வேண்டாம்னா ட்ரெமால்-நோ இருக்கு, கிளாவுக்குப் பதிலா மாட்டுறது, கையால ஸ்க்ரூ திருகி ஃப்ளோட்டிங், டைவ் மட்டும், முழு லாக் மூணுக்கும் மாறலாம்.

ப்ரிட்ஜையே மாத்துறது கடைசி வழி. ஒரிஜினல் ஃப்ளாய்டோட ரெண்டு ஸ்டட் (ப்ரிட்ஜைத் தாங்குற திருகு) இடைவெளி ஏறக்குறைய 74 மி.மீ., ஃபெண்டர் ரெண்டு ஸ்டட் ப்ரிட்ஜ் 56 மி.மீ. சுத்தி, அதனால எடுத்து மாட்டுனா உக்காராது. ஹார்ட்டெயில் போடணும்னா கீழ ஸ்க்ரூ பிடிக்க மரமே கிடையாது, குழியை மரத்தால அடைச்சு ஒட்டி, புதுசா துளை போட்டு, நெக் உயரமும் பாக்கணும். அதை நல்ல கிட்டார் ரிப்பேர் ஆள்கிட்ட கொடுங்க, துளை ரெண்டு மில்லி தள்ளிப் போனா இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்லயும் சுருதி சரியா இருக்குறது) சேடிலை நகர்த்திச் சரி பண்ற எல்லையைத் தாண்டிடலாம். ப்ரிட்ஜ் உயரம் மாத்தணும்னா முதல்ல ஸ்ட்ரிங்கைத் தளர்த்திட்டு ஸ்டட்டைத் திருகுங்க, இழுவையில இருக்கும்போது திருகுனா ஸ்டட்ல உக்காருற ப்ரிட்ஜோட கத்தி முனை மழுங்கிடும், அப்புறம் டைவ் பண்ணா பழைய இடத்துக்கே திரும்ப வராது.