தொலைபேசி எண்ணைத் தொடுபவரை எண்ணுங்கள்

கோயம்புத்தூரில் கிரைண்டர், மோட்டார் பம்ப் செய்யும் சிறு தொழிற்கூடங்களுக்கு இணையதளம் அமைத்துத் தருவது என் தொழில். தளம் தயாரானதும் முதலாளிகள் கேட்பது, "எத்தனை பேர் பார்த்தார்கள்?" என்பதுதான். பார்த்தவர்களில் எத்தனை பேர் தொலைபேசி எண்ணைத் தொட்டார்கள், எந்தப் பக்கத்தில் இருந்தபோது தொட்டார்கள் என்று கேளுங்கள் என்பேன். பம்ப் வியாபாரம் இங்கே பேசித்தான் முடிகிறது. பேச்சு எங்கே தொடங்கியது என்று தெரிவதற்காகவே கீழே சொல்லும் அமைப்பு.

தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ், அளவீட்டு நிரல்களைத் தளத்தில் நிர்வகிக்கும் கூகுள் டேக் மேனேஜர் இரண்டும் இலவசம். இரண்டு கணக்குகளையும் தொழிற்கூடத்தின் மின்னஞ்சலில் திறந்து, தளம் அமைப்பவரைப் பயனராகச் சேருங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆள் மாறினாலும் கணக்கு உரிமையாளரிடம் இருக்க வேண்டும்.

அனலிட்டிக்ஸில் நேர மண்டலம் இந்தியா, நாணயம் ரூபாய் என்று வைத்து, இணையத்துக்கான தரவு ஓடையை (தளத்திலிருந்து தரவு வரும் வழி) உருவாக்கினால், 'ஜி' என்ற எழுத்தில் தொடங்கும் அடையாள எண் கிடைக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். டேக் மேனேஜர் இரண்டு துண்டு நிரல் தரும். முதல் துண்டு பக்க நிரலின் தொடக்கமான ஹெட் பகுதியில் முடிந்தவரை மேலே போக வேண்டும்; இரண்டாவது, பக்கத்தின் உள்ளடக்கம் இருக்கும் பாடி பகுதி திறந்த உடனே. வேர்ட்பிரஸ் தளமானால், தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் கோப்பில் நேரடியாக ஒட்டாதீர்கள். தீமைப் புதுப்பிக்கும்போது அழிந்துவிடும். புதுப்பித்தாலும் அழியாத துணைத் தீமான சைல்டு தீம் அல்லது கூடுதல் வசதி தரும் பிளகின் வழியாகச் சேருங்கள். வேறு பிளகின் ஏற்கெனவே அதே அனலிட்டிக்ஸ் எண்ணைப் போட்டிருந்தால் அதை நீக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வருகை இரண்டாகப் பதிவாகும்.

இனி தளத்தின் நிரலைத் தொட வேண்டியதில்லை. டேக் மேனேஜரில் 'கூகுள் டேக்' வகையில் ஒரு டேக் (அனலிட்டிக்ஸுக்குத் தரவு அனுப்பும் சிறு நிரல்) உருவாக்கி, அந்த 'ஜி' எண்ணை இட்டு, அது எப்போது இயங்க வேண்டும் என்று சொல்லும் டிரிகராக 'இனிஷியலைசேஷன் – ஆல் பேஜஸ்' கொடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமானது. அனலிட்டிக்ஸின் மேம்பட்ட அளவீடு, வெளித்தளங்களுக்குச் செல்லும் கிளிக்குகளையும் பிடிஎஃப் பதிவிறக்கத்தையும் தானாகவே பதிவு செய்யும். வாட்ஸ்அப் இணைப்பு வெளித்தளம் என்பதால் அதுவும் கணக்கில் வந்துவிடும். தொலைபேசி எண் மட்டும் வராது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். முதலில் தளத்தில் உள்ள எண் உண்மையிலேயே இணைப்பா என்று கைபேசியில் தொட்டுப் பாருங்கள். விசிட்டிங் கார்டைப் படமாகப் போட்டுவிட்டு அழைப்புக்குக் காத்திருக்கும் தளங்கள் ஏராளம். எண் இணைப்பாக இருந்தால், தொட்ட இணைப்பின் முகவரியைத் தரும் 'கிளிக் யூஆர்எல்' மாறியை டேக் மேனேஜரில் இயக்கி, 'ஜஸ்ட் லிங்க்ஸ்' வகை டிரிகரில் அந்த முகவரி ஆங்கிலத்தில் 'டெல்:' (tel:) என்று தொடங்க வேண்டும் என நிபந்தனை வையுங்கள். அந்த டிரிகரை தொடுகையை ஈவென்ட், அதாவது நிகழ்வு, என்று அனுப்பும் ஓர் அனலிட்டிக்ஸ் ஈவென்ட் டேக்குடன் இணைத்து, ஈவென்டுக்கு இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயர் கொடுங்கள்.

டேக் மேனேஜரின் சோதனைப் பார்வையான பிரிவியூவில் தளத்தைத் திறந்து எண்ணைத் தொடுங்கள். டேக் இயங்கியது தெரிந்தபின் 'பப்ளிஷ்' செய்யுங்கள். அதுவரை வாடிக்கையாளர் பார்க்கும் தளத்தில் எதுவும் மாறாது. ஒவ்வொரு பதிப்புக்கும் என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவைத்தால், பிறகு பழைய பதிப்புக்குத் திரும்புவது எளிது. அனலிட்டிக்ஸின் ரியல்டைம் அறிக்கையில் தொடுகை உடனே தெரியும்; மற்ற அறிக்கைகளுக்கு ஓரிரு நாள் பொறுங்கள். ஈவென்ட் வந்து சேர்ந்ததும் அதை முக்கிய நிகழ்வாகக் குறியுங்கள்.

அனலிட்டிக்ஸ் தரவைச் சேமிக்கும் காலம் தொடக்கத்தில் 2 மாதமாக இருக்கும். அன்றே 14 மாதமாக்குங்கள். பொங்கலையும் அடுத்த பொங்கலையும் விரிவாக ஒப்பிட இது வேண்டும். அலுவலக இணைய இணைப்புக்கு மாறாத ஐபி முகவரி இருந்தால், அங்கிருந்து வருவதை உள் வருகை என்று குறித்து வடிகட்டுங்கள். வடிகட்டி முதலில் சோதனை நிலையில் இருக்கும். அதைச் செயல்நிலைக்கு மாற்றினால்தான் வேலை செய்யும்.

வாடிக்கையாளரின் பெயர், எண், மின்னஞ்சல் எதையும் அனலிட்டிக்ஸுக்கு அனுப்பாதீர்கள். கூகுளின் விதி அதைத் தடுக்கிறது. நம் நாட்டிலும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டிருக்கிறது. விசாரணைப் படிவத்தை அனுப்பியபின் வரும் பக்கத்தின் இணைய முகவரியில் மின்னஞ்சல் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் பகிரும் இணைப்பு வழியாக வருபவர்கள் பெரும்பாலும் வந்த வழி தெரியாத 'டைரக்ட்' என்றே பதிவாவார்கள். பகிரும் முன், வந்த வழியைச் சொல்லும் யூடிஎம் குறிகளை இணைப்பின் கடைசியில் சேர்த்து, எங்கிருந்து வருகிறார்கள் என்று குறியுங்கள். எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதுங்கள். பேரெழுத்து கலந்தால் ஒரே குழு அறிக்கையில் இரண்டு வரியாகப் பிரியும்.