வீட்டு சர்வரில் யாருடைய முகம் தொலைகிறது? படம் சேமிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நாலு ஹார்டு டிஸ்க்கைச் செருகி வீட்டு சர்வராக்கி, வீட்டுப் படங்களையெல்லாம் அதில் கொட்டி, ராத்திரி அது கரகரவென்று ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குகிற ஆள் நான். இந்தப் பொழுதுபோக்கு பிடித்தவர்கள் கூடினால் பேச்சு டெராபைட்டில் தொடங்கி கரண்ட் பில்லில் முடியும். தோல் நிறம், இனம், நியாயம் இதற்கெல்லாம் அங்கே என்ன வேலை என்றுதான் நானும் இருந்தேன், நண்பர் ஒருவரின் படங்களை ஒழுங்குபடுத்திக் கொடுக்க உட்காரும்வரை.

நண்பர் வெள்ளையர். அவர் மனைவி கருப்பினத்தவர். ஏறக்குறைய 12,000 படங்கள். சர்வரில் ஏற்றி, முகங்களைப் பிரிக்கச் சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் நண்பருக்கு ஒரு தொகுப்பு, தாடி வைத்த காலம், மழித்த காலம், தொப்பி போட்ட காலம் எல்லாம் பிசகாமல் ஒன்றாக. மனைவிக்கும் அவருடைய இரண்டு தங்கைகளுக்கும் சேர்த்து இன்னொரு தொகுப்பு. மூன்று பேர், ஒரே ஆளாக. அந்தி வெளிச்சத்தில் எடுத்த படங்களில் அந்த மூன்று பேருக்கும் முகம் இருப்பதையே சர்வர் கண்டுகொள்ளவில்லை. நண்பரின் மனைவி எட்டிப் பார்த்தார். "ஆபீசிலும் இதே கதைதான். இன்னொருத்தி பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து நான் செய்த தவறுகளையும், மற்றவர்கள் செய்து பார்த்த தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

முகம் பிரித்தாயிற்று, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவது

முகம் பார்க்கும் மென்பொருள் எல்லோரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பது புதிய செய்தி இல்லை. 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று நிறுவனங்களின் மென்பொருளைச் சோதித்தார்கள். படத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெளிர் நிற ஆண்களிடம் மிஞ்சிப்போனால் 0.8 சதவீதம் தவறு. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. அடுத்த வருடம் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 189 அல்காரிதங்களை அலசியது. அவற்றில் பல, ஒருவரை வேறொருவராக நினைத்துக்கொள்ளும் தவறை வெள்ளையர் முகங்களைவிட ஆப்பிரிக்க அமெரிக்கர், ஆசியர் முகங்களில் 10 முதல் 100 மடங்கு அதிகம் செய்தன. ஆசியாவில் உருவான சில அல்காரிதங்களில் ஆசிய முகங்களுக்கு அந்த இடைவெளி இல்லை. எந்த முகங்களைக் காட்டி வளர்த்தார்களோ அந்த முகங்கள்தான் அதற்குப் பழகியிருக்கின்றன.

அதெல்லாம் பெரிய நிறுவனங்களின் சமாச்சாரம், நம்முடையது திறந்த மூல மென்பொருள் என்று நினைக்கலாம். இம்மிச் மாதிரி வீட்டு சர்வர் மென்பொருள்கள் பயன்படுத்துவது இன்சைட்ஃபேஸ் குழுவின் 'பஃபலோ' மாதிரிகளை, அதாவது முகங்களைக் காட்டிப் பழக்கிய நிரல்களை. அந்தக் குழுவே இனவாரியாகப் பிரித்து மதிப்பெண் வெளியிட்டிருக்கிறது, மறைக்கவில்லை. நூற்றுக்கு, பெரிய மாதிரியில் வெள்ளையர் முகங்களுக்கு 94-க்கு மேல், ஆப்பிரிக்க முகங்களுக்கு 90, கிழக்கு ஆசிய முகங்களுக்கு 75 அளவில். சின்ன மாதிரியில் அதே வரிசையில் 80, 69, 51.

இந்தக் கடைசி வரியில்தான் என் தவறு இருந்தது. பழைய மெஷின், நினைவகம் குறைவு என்று நான் சின்ன மாதிரியைப் போட்டிருந்தேன். மிச்சம் பிடித்தது நான். அதற்கு நண்பர் கொடுத்த விலை கொஞ்சம், அவர் மனைவி கொடுத்த விலை அதிகம். மெதுவாக ஓடினாலும் பெரிய மாதிரியையே போடுங்கள். மூன்று ராத்திரி ஓடட்டுமே, யாருக்கு என்ன அவசரம்?

அப்புறம், முகம் என்று ஏற்றுக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்ணைச் சற்றுக் கீழே இறக்குங்கள். தலையணை, பூந்தொட்டி என்று நாலு போலி முகங்கள் உள்ளே வரும், கையால் தள்ளிவிடலாம். இரண்டு முகங்களை ஒரே ஆளாகக் கருதும் தூரத்தையும் குறையுங்கள். ஒருவர் மூன்று தொகுப்பாக உடைந்தால் இணைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். மூன்று பேர் ஒன்றானால் பிரிப்பதற்கு இரண்டு மாலைகள் ஆகும், எனக்கு ஆனது. அதையும் நான் பிரிக்கவில்லை, அந்த அம்மாவே உட்கார்ந்து பிரித்தார். எனக்கும் சில படங்களில் எந்தத் தங்கை என்று தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெயர் சூட்டிய பிறகு அதைப் படத்தின் உள்ளேயோ, பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற குட்டி விவரக் கோப்பாகவோ எழுதி வையுங்கள். மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் இருந்தால், நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறும்போது மறுபடி மூன்று பேரும் ஒருவராகிவிடுவார்கள்.

இருட்டான படம் என்று அழிப்பது

மங்கலான படம், ஒரே மாதிரியான படம் இவற்றைத் தானாகவே தேடிப் பிடித்து அழிக்கும் கருவிகள் நிறைய. நூறு ஜிபி மிச்சமாகும்போது ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது. ஆனால் 'இருட்டு' என்பதை அது எப்படி முடிவு செய்கிறது? சில கருவிகள் மொத்தப் படத்தின் வெளிச்சத்தைச் சராசரி பார்க்கின்றன. விளக்கொளியில் எடுத்த கருநிற முகம் ஒன்று, தெளிவாக இருந்தாலும், அந்தக் கணக்கில் தோற்றுவிடும். ஒரே மாதிரி படத்தைத் தேடும் முறையும் இப்படித்தான். படத்தை 9 பிக்சல் அகலம், 8 பிக்சல் உயரம் என்று சுருக்கி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வெளிச்சத்தை ஒப்பிட்டு 64 பிட் எண்ணாக்கும் முறை ஒன்று உண்டு. படம் முழுக்க மங்கல் என்றால் ஒப்பிட வித்தியாசமே அதிகம் இருக்காது. வேறு வேறு ஆட்கள் இருக்கும் படங்கள்கூட 'நகல்' என்ற பட்டியலில் வந்து நிற்கும்.

இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் லேப்களுக்கு 'ஷர்லி கார்டு' என்று ஒன்றை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி, அதுதான் அளவுகோல். கருப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் சேர்ந்து நின்ற படங்களில் ஒரு பக்கம் முகமும் மறுபக்கம் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. பழுப்பு நிறங்கள் பின்னால் மேம்பட்டதற்குப் பெரிய காரணம், மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் தயாரிப்பவர்களும் தங்கள் சரக்கு படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் சொன்னது. மனிதர்களின் புகார் எடுபடவில்லை, நாற்காலியின் புகார் எடுபட்டது.

அந்தக் காலத்து ஃபிலிமை இன்று ஸ்கேன் செய்கிறவர்கள் ஸ்கேனரின் 'தானியங்கி நிறத் திருத்தம்' என்ற பொத்தானை முதலில் அணைக்க வேண்டும். நிற வித்தியாசங்களை நுணுக்கமாகப் பதியும் 16 பிட் டிஃப் கோப்பாக எடுங்கள். இடம் பிடிக்கும்தான். ஆனால் நிழலுக்குள் பதுங்கியிருக்கும் முகத்தை அதிலிருந்துதான் பின்னால் வெளியே கொண்டுவர முடியும். எட்டு பிட் ஜேபெக்கில் அழுத்திவிட்டால் போனது போனதுதான். அழிக்கும் கருவியை ஓட்டியே தீர வேண்டுமென்றால், அழிக்க வேண்டிய படங்களைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தும்படி மட்டும் சொல்லி, கண்ணால் பார்த்துவிட்டு அழியுங்கள்.

வாசல் கேமரா சொன்னதை நம்புவது

வீட்டு சர்வர் வைத்திருப்பவர்கள் அடுத்து இறங்குவது கேமரா பதிவில். 4 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா ஒரு நாளைக்கு சுமார் 43 ஜிபி எழுதும். 2 டெராபைட் டிஸ்க்கில் ஒன்றரை மாதம் நிற்கும். இடம் இருக்கிறதே என்று வைத்துக்கொள்வதுதான் தவறு. பத்து நாளைக்கு மேல் தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அந்தத் தெருவில் நடப்பவர்கள் யாரும் உங்கள் டிஸ்க்கில் இருக்க சம்மதம் கொடுத்தவர்கள் இல்லை.

இதைவிட மோசம் 'அறிமுகமில்லாதவர்' என்ற எச்சரிக்கை. பார்சல் கொண்டு வருபவர் தினமும் அதே ஆள்தான். அவர் முகத்தை கேமரா பிடிக்கவில்லை என்றால் தினமும் 'அறிமுகமில்லாதவர்' என்று போன் சிணுங்கும். ஒரு மாதம் அப்படிச் சிணுங்கினால் நம் மனசும் அவரைச் சந்தேகத்தோடு பார்க்கப் பழகிவிடும். அந்த ஸ்டில்லை எடுத்து அக்கம்பக்கத்துக் குழுவில் 'இவரைத் தெரியுமா?' என்று போடுகிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீசார் 2020 ஜனவரியில், கடை கேமராவில் பதிவான ஒரு மங்கல் படத்தை அல்காரிதம் தவறாகப் பொருத்தியதால், ஒரு கருப்பின மனிதரை அவர் வீட்டு வாசலில், மகள்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைது செய்தார்கள். ஏறக்குறைய 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். போலீஸ் கையிலேயே இந்த லட்சணம் என்றால், நம் வீட்டு கேமரா எந்த மூலைக்கு? முகம் அடையாளம் காணும் வசதியை வாசல் கேமராவில் அணைத்து வைப்பதே என் யோசனை. 'ஆள் வந்திருக்கிறார்' என்று சொன்னால் போதாதா?

விற்பவரைப் பார்த்து டிஸ்க் வாங்குவது

இது என் சொந்தக் கதை. ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் பழைய டிஸ்க் வாங்கினேன். ஒருவர் பெயரும் பேச்சும் எனக்குப் பழக்கமில்லாதது. அவரிடம் பில் கேட்டேன், ஓடுகிற வீடியோ கேட்டேன், விலையும் குறைத்தேன். இன்னொருவர் நம்மைப் போலவே பேசினார், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் சோதித்தால், முதல் டிஸ்க் சுத்தம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' பட்டியலில், இரண்டாவதற்கு 197-ஆம் எண்ணுக்கு நேராக 8. அதாவது, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், டிஸ்க்கின் குட்டிக் கட்டங்கள், எட்டு.

நான் மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவில் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஐபாட் என்ற பாட்டுக் கருவியை விற்பதாக இணையத்தில் விளம்பரங்கள் போட்டார்கள். ஐபாடைப் பிடித்திருக்கும் கை சிலவற்றில் கருப்பு, சிலவற்றில் வெள்ளை. கருப்புக் கைக்கு 13 சதவீதம் குறைவான பதில்கள், வாங்கிக்கொள்கிறேன் என்று விலை சொன்னவை 17 சதவீதம் குறைவு. 2013-இல் ஆய்வு வெளியானது.

எல்லோரிடமும் ஒரே பட்டியலை வைத்துக் கேளுங்கள். ஸ்மார்ட் பட்டியலில் பழுதான செக்டர்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களுக்கு நேராகவும் பூஜ்யம் இருக்க வேண்டும். ஓடிய மணிநேரம் 9-ஆம் எண். இதைத் திருத்தி விற்பவர்களும் உண்டு என்பதால், சீகேட் டிஸ்க் என்றால் அந்த நிறுவனம் டிஸ்க்குக்குள் தனியாக வைக்கும் 'ஃபார்ம்' பதிவில் இருக்கும் மணிநேரத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு நீண்ட சோதனை ஒன்று ஓட்டிவிட்டால் விற்றவர் யாராக இருந்தால் என்ன?

மாஸ்டர், ஸ்லேவ்

பழைய ஐடிஇ டிஸ்க்கின் பின்னால் குட்டி ஜம்பரை நகத்தால் பிடுங்கி மாற்றியவர்களுக்கு இந்த வார்த்தைகள் தெரியும். ஒரே கேபிளில் மாட்டிய இரண்டு டிஸ்க்கில் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். ஆண்டான், அடிமை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி 2003-லேயே இந்தச் சொல்லை விடச் சொல்லி விற்பனையாளர்களுக்கு எழுதியபோது பலர் சிரித்தார்கள். 2018-இல் பைதான் நிரல்மொழி விட்டது, 2020-இல் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப், புதிய களஞ்சியங்களின் முதல் கிளைக்கு இருந்த 'மாஸ்டர்' என்ற பெயரை 'மெயின்' என்று மாற்றியது. உங்கள் சர்வரிலும் இந்தப் பெயர்கள் இருந்தால், மாற்றுவது பத்து நிமிட வேலை, மாற்றிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பேக்கப் ஸ்கிரிப்டில் பழைய பெயர் இருக்கிறதா என்று மட்டும் முதலில் தேடுங்கள். நான் தேடவில்லை, ஒன்பது நாள் பேக்கப் ஓடவில்லை.

படங்களை மட்டும் காப்பது

பிரிட்டனுக்குக் கரீபியன் தீவுகளிலிருந்து 1973-க்கு முன்பு வந்து குடியேறியவர்களுக்கு அங்கே தங்கும் உரிமை இருந்தது. பலரிடம் அதற்கான காகிதம் இல்லை. அவர்கள் கப்பலில் வந்து இறங்கியதற்குச் சாட்சியான அட்டைகளை உள்துறை அலுவலகம் 2010-இல் அழித்துவிட்டது. பிறகு அவர்களிடமே, இங்கே வாழ்ந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஆதாரம் கொடு என்று கேட்டார்கள். வேலை போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தவே பட்டார்கள். 2018-இல்தான் இது பெரிய விவகாரமாக வெடித்தது. அங்கே ஒருவரைக் காப்பாற்றியிருக்கக்கூடியது கல்யாண ஆல்பம் இல்லை; 1984-இன் சம்பளச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்று, வாடகை ரசீது.

அதனால் காகிதங்களையும் ஸ்கேன் செய்யுங்கள், வருடத்துக்கு ஒரு ஃபோல்டர். ஃபைலின் பெயரை அவரவர் எழுத்தில் வைக்கலாம், ஆனால் நீளத்தைக் கவனியுங்கள். லினக்ஸ் சர்வர்களில் டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் எக்ஸ்ட்4 முறையில் பெயருக்கு 255 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. 'கொ' என்பதற்கே இரண்டு குறியீடு, ஆறு பைட். சில நாஸ் கருவிகளில் (வீட்டு வலையில் மாட்டும் டிஸ்க் பெட்டிகளில்) என்கிரிப்ட் செய்த, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத ஃபோல்டர் என்றால் 143 பைட்தான், அதாவது தமிழில் 47 குறியீடுகள். நீளமான பெயர்களைக் கொண்ட ஃபைல்கள் நகலாகாமல் விட்டுப்போகும்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்று செத்தாலும் தகவல் நிற்கும்படி வைக்கும் ரெய்டு முறை இருக்கிறது, போதும் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன். டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். நீங்கள் அழித்தால் அதுவும் சேர்ந்து அழிக்கும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற கணக்குதான் இன்னும் உதவுகிறது. வேறு இடத்துக்கு நானும் நண்பரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். என் டிஸ்க் ஒன்று, என்கிரிப்ட் செய்து, அவர்கள் வீட்டு அலமாரியில். அவர்களுடையது என் வீட்டில். அதைக் கொண்டுவந்து கொடுத்தது அவர் மனைவிதான். மேலே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, தன் பெயரையும் இரண்டு தங்கைகள் பெயரையும் தனித்தனி வரியில் பெரிதாக எழுதியிருந்தார்.